ஃபேர்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஐரோப்பிய வரலாறு படிக்கின்ற மாணவன் ஒருவன் 13ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிக்கு வரும்போது ஒரு பிரெஞ்சு மன்னனைச் சந்திக்கின்றான். 1285 முதல் 1314 வரை பிரான்சு நாட்டை ஆண்ட நான்காம் பிலிப் அவன். ஆங்கில நூல்கள் அவனைப் ‘பிலிப் தி ஃபேர்’ என்று குறிப்பிடுகின்றன. ‘ஃபேர்’ என்றால் நியாயம் என்று பள்ளியிலே கற்றிருக்கும் மாணவன், ‘நீதிமான் பிலிப்’ என்று தன் ஏட்டில் எழுதிக்கொள்கின்றான். அவன்மீது குற்றமில்லை. ‘ஃபேர் பிளே’ என்று திடலிலே கேட்கின்றான். ‘தட்ஸ் நாட் ஃபேர்’ என்று தோழர்களோடு சண்டையிடுகின்றான். அவன் அறிந்த பொருள் அஃது ஒன்றே.

ஆயின், அடுத்த பக்கத்தைப் புரட்டியவுடன் அவனுக்குத் திகைப்பு உண்டாகின்றது. இந்த ‘நீதிமான்’ 1306ஆம் ஆண்டில் யூதர்களை நாட்டை விட்டுத் துரத்தி அவர்தம் உடைமைகளைப் பறித்துக்கொண்டான். 1307ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள், டெம்ப்ளர்கள் என்னும் சமயப் போர்வீரர்களை நாடெங்கும் ஒரே நாளில் கைது செய்வித்தான். அவர்களிற் பலர் பின்னர் உயிரோடு எரிக்கப்பட்டனர். போர்ச் செலவுக்குப் பணம் போதாதபோது நாணயத்தில் இருந்த வெள்ளியைக் குறைத்து, குடிமக்கள் கையில் மதிப்பிழந்த காசைக் கொடுத்தான். இவனையா வரலாறு நீதிமான் என்றது?

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பிரெஞ்சு மக்கள் அவனுக்கு இட்ட பெயர் ‘லெ பெல்’ என்பது. அதற்கு ‘அழகன்’ என்று பொருள். பிலிப் பார்வைக்கு மிக அழகானவன், அவ்வளவே. அவனைக் குறித்து பாமியே நகரத்து ஆயர் பெர்னார் செசே என்பவர் ஓர் உவமை சொன்னதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பறவைகளுள் ஆந்தைதான் அழகானது என்று பண்டைக் காலத்தில் மற்றப் பறவைகள் அதனை அரசனாக்கினவாம். ஆனால் அது விழித்து விழித்துப் பார்ப்பதைத் தவிர வேறொன்றுக்கும் உதவவில்லையாம். நம் அரசரும் அத்தகையவரே என்பது அவ்வுவமை. 1301இல் அந்த ஆயர் கைது செய்யப்பட்டார். அழகும் நீதியும் ஒரே ஆளிடம் இருக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதை ஆயர் நன்கு அறிந்திருந்தார். ஆங்கில மொழிதான் அவ்விரண்டையும் ஒரே சொல்லுக்குள் குடிவைத்துவிட்டது.

அகராதியில் ‘ஃபேர்’ என்னும் இப்பெயரடைக்கு எதிரே நிற்கும் பொருள்களைப் படிப்பவர் மலைத்துப்போவர். அழகான, வெளிர்நிற மேனியுடைய, பொன்னிறக் கூந்தலையுடைய, தெளிந்த, மாசற்ற, நியாயமான, சாதகமான, போதுமான, சுமாரான என்று பட்டியல் நீளுகின்றது. அழகானது எப்படிச் சுமாரானதாயிற்று? வெளிர்நிறமானது எப்படி நியாயமானதாயிற்று? இவற்றுக்கு விடை காண வேண்டுமாயின் சொல்லின் வேருக்கே செல்லவேண்டும்.

அதற்கு முன் வழியில் நிற்கும் இரண்டு பொய்யுறவினரை விலக்கிவிடுதல் நலம். சந்தை, பொருட்காட்சி என்னும் பொருளில் வரும் ‘ஃபேர்’ வேறு சொல். அது விழாநாளைக் குறிக்கும் ‘ஃபேரியா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பேருந்துக் கட்டணத்தைக் குறிக்கும் ‘ஃபேர்’ மூன்றாவது சொல். எழுத்தும் வேறு, வேரும் வேறு. பயணம் செய்தல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினைச்சொல்லின் வழிவந்தது அது. காதுக்கு மூன்றும் ஒன்றாய் ஒலிப்பது மொழி செய்யும் விளையாட்டு.

நாம் ஆராயும் சொல் செருமானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் இது ‘ஃபேகெர்’ என்னும் வடிவில் எழுதப்பட்டது. இதன் உறவுச் சொற்களுள் மிகப் பழைய சான்று காத் மொழியிலே கிடைக்கின்றது. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்னும் ஆயர் அம்மொழியில் விவிலியத்தைப் பெயர்த்தார். லூக்கா எழுதிய நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் சாரமற்றுப்போன உப்பைப் பற்றிய பேச்சு வருகின்றது. அவ்வுப்பு நிலத்துக்கும் ஆகாது, எருவுக்கும் ஆகாது என்னும் அவ்விடத்தில், ‘ஆவது, பொருந்துவது’ என்னும் பொருள்பட நிற்பது இச்சொல்லின் உடன்பிறப்பேயாகும். ஆகவே, வேரிலே இருந்த கருத்து நிறமுமன்று, நீதியுமன்று; ‘பொருத்தம்’ என்பதே என்று கொள்ள இடமிருக்கின்றது. கண்ணுக்குப் பொருந்தியது அழகு. செயலுக்குப் பொருந்தியது முறைமை. இவ்வாறு பார்த்தால் ஒரே வேரிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்த வகை ஓரளவு விளங்கும்.

இங்கிலாந்தில் முதலில் தழைத்தது அழகு என்னும் கிளைதான். அழகிய பெண், அழகிய நகரம், அழகிய சொல் என எல்லாவற்றுக்கும் இவ்வடை பொருந்திற்று. மழையற்ற தெளிந்த வானமும் ‘ஃபேர்’ ஆயிற்று. கப்பலைத் துறைமுகம் நோக்கித் தள்ளும் காற்றும் ‘ஃபேர்’ ஆயிற்று. கடலை நம்பி வாழ்ந்த நாட்டினர்க்குச் சாதகமான காற்றைவிட அழகானது வேறு யாது?

பழைய வடமொழியில், அஃதாவது நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் வழங்கிய நார்சு மொழியில், இதன் வடிவம் ‘ஃபாக்ர்’ என்பது. நார்வேயின் முதல் மன்னன் என்று கதைகள் போற்றும் ஹரால்டைப் பற்றி 13ஆம் நூற்றாண்டில் ஸ்நோரி என்பவர் எழுதிவைத்த செய்தி சுவையானது. நாடு முழுவதையும் தன் குடைக்கீழ்க் கொண்டுவரும் வரையில் தலைமுடியை வெட்டுவதுமில்லை, வாருவதுமில்லை என்று ஹரால்டு சூளுரைத்தானாம். ஆண்டுகள் பல சென்றன. அதுவரையில் மக்கள் அவனைச் ‘சடையன்’ என்னும் பொருள்பட அழைத்துவந்தனர். சூளுரை நிறைவேறியபின் தலைவன் ஒருவன் அவன் முடியைத் திருத்தி அழகுபடுத்தி, ‘அழகிய முடியன்’ என்று புதுப்பெயர் சூட்டினான். ஆங்கிலத்தில் இப்பெயர் ‘ஃபேர்ஹேர்’ என்று எழுதப்படுவதால், இன்று படிப்பவர் அவனைப் பொன்னிற முடியன் என்று எண்ணிக்கொள்கின்றனர். கதையில் நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லை. சீப்பும் கத்தரிக்கோலும் படாத முடி, சீப்பும் கத்தரிக்கோலும் பட்ட முடி என்னும் வேறுபாடுதான் அங்கே உண்டு.

ஒரு சொல்லின் பொருளை அறிய அதன் எதிர்ச்சொல்லைப் பார் என்பது பழைய ஆசிரியர்களின் வழி. ‘ஃபேர்’ என்பதற்கு எதிராக நெடுங்காலம் நின்ற சொல் ‘ஃபவுல்’. அதன் முதற்பொருள் அழுகியது, நாற்றமடிப்பது, அழுக்கானது என்பது. மழையும் புயலுமான வானிலை ‘ஃபவுல்’, எதிர்க்காற்று ‘ஃபவுல்’, பந்தாட்டத்தில் காலை இடறிவிடுதலும் ‘ஃபவுல்’. நடுவர் ஊதுகுழலை ஊதும்போதெல்லாம் அழுக்கு என்னும் அப்பழைய பொருள் திடலிலே ஒருமுறை உயிர் பெறுகின்றது. ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத் தொடக்கத்திலே சூனியக்காரிகள் இவ்விரு சொற்களையும் ஒன்றோடொன்று இடம் மாற்றி முழங்குகின்றனர். நல்லது எது, தீயது எது என்று தெரியாமற்போகும் ஓர் உலகத்தை அம்மாற்றம் முன்னதாகவே அறிவித்துவிடுகின்றது.

இந்த இணை நம் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது. ஷேக்ஸ்பியர் காலத்து நாடக அரங்குகளில், அடித்தும் திருத்தியும் எழுதிய முதற்படியை ‘ஃபவுல்’ தாள்கள் என்றனர். பார்த்துத் துப்புரவாக எழுதிய படியை ‘ஃபேர்’ படி என்றனர். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ‘ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு’ என்று இரண்டு ஏடுகளைப் பையிலே சுமப்பது அதன் தொடர்ச்சியே. ‘ஃபேர் நோட்டு’ என்பது நியாயமான ஏடுமன்று, வெண்ணிற ஏடுமன்று. அழுக்கு நீங்கிய, அழகிய ஏடு. ஆயிரம் ஆண்டுப் பழம்பொருள் ஒன்பது வயதுப் பிள்ளையின் பையில் கிடக்கின்றது.

அழகானது சுமாரானதாகத் தேய்ந்த கதை வாணிகர்களால் வந்தது எனலாம். சரக்குக்குத் தரம் வகுக்கும்போது ‘பழுதில்லை, ஏற்கத்தக்கது’ என்னும் அளவில் இச்சொல்லை அவர்கள் பயன்படுத்தினர். அமெரிக்கப் பருத்தியின் பழைய தரவரிசையில் ‘ஃபேர்’ என்பது ‘மிட்லிங்’ எனப்பட்ட நடுத்தரத்துக்கு மேலே நின்றது. ஆஸ்திரேலியக் கோதுமை வாணிகத்தில் ஒவ்வோர் அறுவடையிலும் பல இடத்து மாதிரிகளைக் கலந்து, அதன் எடையைக் கண்டு, ‘ஃபேர் ஆவரேஜ் குவாலிட்டி’ என்று அவ்வாண்டின் தரத்தை நிறுவிவந்தனர். சரவாக் மிளகின் தரங்களுள் ஒன்றுக்கு இன்றும் அப்பெயரே. வெயிலில் உலர்த்திய கொப்பரைக்கு இருந்த ஒரு தரத்தின் பெயர் ‘ஃபேர் மெர்ச்சண்டபிள் சன்-டிரைட்’, சுருக்கமாக எஃப்.எம்.எஸ். ஐக்கிய மலாய் நாடுகளுக்கும் ஆங்கிலச் சுருக்கம் அதுவேயாதலால், பழைய விலைப்பட்டியலைப் பார்ப்பவர் சற்றே தடுமாறவேண்டியிருக்கும். கடைசியில் இச்சொல் பள்ளித் தேர்ச்சி அட்டைக்கு வந்து, ‘குட்’ என்பதற்கும் கீழே, ‘புவர்’ என்பதற்கு மட்டும் மேலே அமர்ந்தது. ‘ஃபேர்’ என்று எழுதிக் கொடுத்த அட்டையைக் கண்டு, பிள்ளை அழகாகப் படிக்கின்றான் என்று பெற்றோர் மகிழ்ந்தால் சொல்லின் வேர் அவர்கள் பக்கம். சொல்லின் இன்றைய வழக்கு ஆசிரியர் பக்கம்.

இனி நியாயம் என்னும் கிளையைப் பார்ப்போம். 14ஆம் நூற்றாண்டிலேயே ஒருபாற் கோடாமை என்னும் பொருள் இச்சொல்லில் நிலைபெற்றுவிட்டது. மாசு இல்லாதது என்பதிலிருந்து சூது இல்லாதது என்னும் பொருள் பிறந்தது இயல்பே. ‘ஃபேர் பிளே’ என்னும் தொடர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கிலிருந்தது. 1611இல் அரசவையில் நடிக்கப்பட்ட ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தின் கடைசிக் காட்சியில் மிராண்டாவும் பெர்டினண்டும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கின்றனர். நீர் என்னை ஏமாற்றுகின்றீர் என்கின்றாள் அவள்; உலகமே கிடைத்தாலும் அப்படிச் செய்யேன் என்கின்றான் அவன். சில அரசுகள் கிடைப்பதாயின் நீர் ஏமாற்றலாம், நான் அதனையே நேர்மையான ஆட்டம் என்று சொல்லிவிடுவேன் என்று அவள் விடையிறுக்கின்றாள். காதலியின் கனிவுதான்; ஆயினும் யார் ஆடுகின்றார் என்பதைப் பொறுத்து ‘ஃபேர்’ என்னும் தீர்ப்பு மாறிவிடும் என்பதையும் கவிஞர் காட்டாமற் காட்டிவிட்டார்.

இப்பொருளுக்கு நேரான சொல் பிற ஐரோப்பிய மொழிகளில் எளிதில் அகப்படவில்லை. செருமானியர் ‘ஃபேர்’ என்பதையே எடுத்து வழங்குகின்றனர். பிரெஞ்சுக்காரர் ‘ஃபேர்-பிளே’ என்கின்றனர். போலந்து நாட்டிற் பிறந்து ஆஸ்திரேலியாவிலே பணியாற்றிய மொழியியலறிஞர் அன்னா வியஸ்பிட்ஸ்கா, 2006இல் வெளியிட்ட நூலில் இக்கருத்து ஆங்கிலேயப் பண்பாட்டுக்கே உரிய ஒன்று என்று வாதிட்டார். அமெரிக்க மெய்யியலறிஞர் ஜான் ராலஸ் 1958இல் எழுதிய கட்டுரை ஒன்றிலும், 1971இல் வெளியிட்ட பெருநூலிலும் நீதியை ‘ஃபேர்னஸ்’ என்னும் அடியின்மேலேயே கட்டினார். தன் செல்வம் எது, தன் நிலை எது, தன் திறமை எது என்று அறியாத நிலையில் இருந்துகொண்டு மக்கள் ஒப்புக்கொள்ளும் விதிகளே நீதி என்பது அவர் கொள்கை. ‘நீதி’, ‘நியாயம்’ என்னும் இரண்டு சொற்கள் நம்மிடம் தனித்தனியே இருப்பதால் தமிழில் இதனைப் பெயர்த்தெழுதுவோர்க்குப் பெருந்துன்பமில்லை.

தமிழ், நியாயத்தை அழகிலிருந்து பெறவில்லை என்பது கவனித்தற்குரியது. நேர்மை என்பது நேராக இருப்பது. கோட்டம் என்பது வளைவு. செங்கோல் நேரானது, கொடுங்கோல் வளைந்தது. திருக்குறளின் 12ஆம் அதிகாரத்துக்கு ‘நடுவு நிலைமை’ என்று பெயர். அங்கே சான்றோர்க்கு உவமையாய் வருவது துலாக்கோல். கோடும் கோலும் கண்டு நம் முன்னோர் நியாயத்தை அளந்தனர். ஆயினும், நம் மொழிக்கு நிறப்பற்றே இல்லையென்று பெருமைகொள்ளவும் இயலாது. ‘செம்மை’ என்னும் சொல்லிலே சிவப்பும் இருக்கின்றது, நேர்மையும் இருக்கின்றது.

‘ஃபேர்’ என்னும் சொல் கூலியோடு சேரும்போது தொழிலாளி விழித்துக்கொள்ளவேண்டும். ‘நியாயமான நாள் வேலைக்கு நியாயமான நாட்கூலி’ என்பது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் தொழிலாளர் இயக்கத்தின் முழக்கம். 1881ஆம் ஆண்டு மே மாதம் ‘லேபர் ஸ்டாண்டர்டு’ என்னும் இதழில் ஏங்கெல்ஸ் அதனை எடுத்துக்கொண்டு, நியாயம் என்பது யார் அளக்கும் நியாயம் என்று வினவினார். வேலைக்கு வருபவன் இன்று கூலி பெறாவிட்டால் நாளை பட்டினி. வேலை கொடுப்பவனோ காத்திருக்க வல்லவன். இருவரும் சமமாக நின்று பேரம் பேசுவதாகச் சொல்வது எங்ஙனம் நியாயமாகும் என்பது அவர் கேள்வியின் சாரம். பத்தாண்டு கழித்து, 1891இல், பிரிட்டிஷ் பாராளுமன்ற மக்களவை ‘ஃபேர் வேஜஸ்’ தீர்மானம் ஒன்றை நிறைவேற்றிற்று. அரசாங்க ஒப்பந்தக்காரர்கள் அந்தந்தத் தொழிலில் வழக்கமாய் ஏற்கப்பட்ட கூலியைக் கொடுக்கவேண்டும் என்பது அதன் கருத்து. அது தொழிலாளர்க்குப் பயன்பட்டது உண்மை. ஆனால், தலைப்பிலே ‘நியாயம்’ என்று நின்ற சொல், உள்ளே ‘வழக்கம்’ என்று சுருங்கிவிட்டதையும் மறைக்க இயலாது. வழக்கம் அநியாயமாக இருந்தால்? அதற்குத் தீர்மானத்தில் விடையில்லை. திருத்தங்களோடு நீடித்த அவ்வேற்பாடு 1983இல் கைவிடப்பட்டது.

மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்க்கு 1920களின் பிற்பகுதியில் கூலி வகுக்கப்பட்டபோது, அதற்கு இடப்பட்ட பெயர் ‘ஸ்டாண்டர்டு வேஜ்’ என்பது. எளிதிற் சென்றடையத்தக்க பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை வீழ்ந்த ஆண்டுகளில் இதுவும் குறைந்தது. 1936இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து நிலைமையைப் பார்த்த சீனிவாச சாஸ்திரியார், பழைய அளவைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று தம் அறிக்கையிலே பரிந்துரைத்தார். அதே ரப்பர் மரத்துக்குக் கீழே நின்ற ஆணுக்கும் பெண்ணுக்கும் 10 காசு வேற்றுமை. சட்டம் ‘ஃபேர்’ என்னும் சொல்லை அங்கே கொண்டுவராமல் விட்டதே ஒருவகையில் நேர்மைதான் போலும்.

நீதிமன்றத்திலும் இச்சொல் ஒரு வேடிக்கை செய்தது. பத்திரிகையில் ஒருவரைக் கடுமையாக விமரிசித்து எழுதியவர்மேல் அவதூறு வழக்கு வந்தால், ‘ஃபேர் காமென்ட்’ என்று எதிர்வாதம் செய்யலாம். கேட்பவர் இதற்கு என்ன பொருள் கொள்வர்? நடுநிலையான, அளவறிந்த கருத்து என்றே கொள்வர். சட்டம் கொண்ட பொருள் வேறு. கருத்து மிகையாயிருக்கலாம், பிடிவாதமாயிருக்கலாம், ஒருதலைச் சார்பாயுமிருக்கலாம். உண்மைச் செய்தியின்மேல் நின்று, நேர்மையுள்ள ஒருவர் கொள்ளக்கூடிய கருத்தாய் அஃது இருந்தாற் போதும். ஆகவே நியாயமற்ற கருத்தும் ‘நியாயமான விமரிசனம்’ ஆகலாம்! இக்குழப்பத்தை எண்ணி 2010இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அதன் பெயரை ‘நேர்மையான விமரிசனம்’ என்று பொருள்படும் தொடராக மாற்றிற்று. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இயற்றப்பட்ட 2013ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் அதனை ‘நேர்மையான கருத்து’ என்று ஆக்கிற்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டங்களில் பழைய பெயரே தொடர்கின்றது. தமிழ் இதழாளர்கள் இதனை ‘நியாயமான விமரிசனம்’ என்று பெயர்க்கும்போது, சட்டம் தருவதைவிடக் குறைவான உரிமையே தமக்கு உண்டு என்று எண்ணிவிடுதல் கூடும்.

இனி, நெடுநேரம் ஒதுக்கிவைத்த பொருளுக்கு வருவோம். அது மேனி நிறம்.

வெளிர்நிறத்தைக் குறிக்க இச்சொல் இடைக்காலத்திலேயே சிற்சில இடங்களில் வழங்கிற்று. 16ஆம் நூற்றாண்டில் அப்பொருள் வலுவாக வேரூன்றிவிட்டது. முதலாம் எலிசபெத் அரசியின் ஓவியங்களைப் பார்த்தவர்கள் அம்முகத்தின் வெண்மையை மறக்கமாட்டார்கள். அக்காலத்துச் சீமாட்டிகள் ஈயத்திலிருந்து செய்த வெள்ளைச் சாந்தை முகத்திலே பூசினர். அது நஞ்சு. அதே நூற்றாண்டில்தான், 1562இல், ஜான் ஹாக்கின்ஸ் ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிச்செல்ல முதன்முதலாகக் கப்பலைச் செலுத்தினான். 1600இல் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றிற்று. கறுத்த மேனியரைக் கண்டும் விற்றும் பழகத் தொடங்கிய அந்நாள்களில் ‘ஃபேர்’ என்னும் சொல்லுக்குப் ‘ஃபவுல்’ என்பதோடு ‘பிளாக்’ என்பதும் எதிர்ச்சொல்லாய் அழுத்தம் பெற்றது. இதனை அமெரிக்க அறிஞர் கிம் ஹால் 1995இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் விரிவாகக் காட்டியிருக்கின்றார்.

ஷேக்ஸ்பியரே இந்தச் சிக்கலை உணர்ந்திருந்தார். 1609இல் அச்சான அவருடைய பதினான்கடிப் பாக்களில் 127ஆவது முதல் கரிய பெண்ணொருத்தி பாடுபொருளாகின்றாள். ‘ஃபேர்’ என்னும் பெயருக்குக் கருமை உரிமை கொண்டாட முடியாதிருந்த பழங்காலத்தைக் குறித்தே அவ்வரிசை தொடங்குகின்றது. ‘ஒதெல்லோ’ நாடகத்தில் இச்சொல் இன்னும் கூர்மையாகின்றது. தன் மகள் ஒரு கறுப்பனை மணந்தாள் என்று பிரபன்சியோ அவையிலே குமுறுகின்றான். வெனிஸ் நகரத் தலைவன் அவனைத் தேற்ற முயன்று, குணத்தை அழகென்று கொண்டால் உம் மருமகன் கறுப்பனல்லன், மிகவும் ‘ஃபேர்’ ஆனவனே என்னும் கருத்துப்படப் பேசுகின்றான். பாராட்டுத்தான். ஆனால் எத்தகைய பாராட்டு! நல்லவன் என்று சொல்வதற்கு அவனைக் கறுப்பிலிருந்து வெளியே எடுக்கவேண்டியிருக்கின்றது. அழகு, வெண்மை, நற்குணம் ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் சேர்ந்து நிற்பதால், ஒன்றை வழங்கும்போது மற்ற இரண்டும் கேளாமலே உடன்வருகின்றன.

இதற்கு மாறான சான்று ஒன்று 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்திலே இருக்கின்றது. ‘உன்னதப்பாட்டு’ முதல் அதிகாரத்தின் 5ஆம் வசனத்தில் அப்பெண் தன்னைக் கறுப்பி என்று கூறிக்கொள்கின்றாள். மூன்றே வசனம் தள்ளி அவளைப் பெண்களுள் மிக ‘ஃபேர்’ ஆனவளே என்று விளிக்கின்றனர். இங்கே இச்சொல்லுக்கு வெண்மை என்று பொருள் கொண்டால் பாட்டே பொருளற்றுப்போகும். எபிரேய மூலத்தில் இருப்பது அழகு என்னும் சொல். தமிழில் பெயர்த்தவர்கள் ‘ரூபவதி’ என்று எழுதித் தப்பினர். 5ஆம் வசனத்தில் கறுப்புக்கும் அழகுக்கும் இடையே நிற்கும் எபிரேய இடைச்சொல் ‘ஆனாலும்’ என்றும் பொருள்படும், ‘உம்’ என்றும் பொருள்படும். 1611இன் ஆங்கிலத்தார் முன்னதை எடுத்தனர். 1989இல் வெளிவந்த புதிய திருத்திய ஆங்கிலப் பதிப்பு பின்னதை எடுத்தது: கறுப்பும் அழகும். 378 ஆண்டுகள் ஓரெழுத்துக்குள் அடங்கிக் கிடந்தன.

பிள்ளைகள் இச்சொல்லை முதலிற் கேட்பது பெரும்பாலும் வெண்பனி இளவரசியின் கதையிலேதான். கிரிம் உடன்பிறந்தார் 1812இல் அச்சிட்ட செருமானியக் கதையில் அரசி கண்ணாடியிடம் கேட்பது, நாட்டிலேயே அழகி யார் என்பது. அங்கே நிற்கும் ‘ஷோன்’ என்னும் சொல்லில் நிறமில்லை. ஆங்கிலத்திலோ, 1937இல் வந்த வால்ட் டிஸ்னியின் திரைப்படத்திலும் சரி, அதனையொட்டிய எண்ணற்ற பிள்ளைப் புத்தகங்களிலும் சரி, அவ்விடத்தில் ‘ஃபேரஸ்ட்’ என்பதே நிற்கின்றது. பனிபோல் வெளுத்த பெண்ணின் பெயரும் இச்சொல்லும் பக்கம் பக்கமாய் நிற்க, கறுத்த பிள்ளை அதனை எப்படிப் புரிந்துகொள்ளும் என்று சொல்லவேண்டுவதில்லை.

தமிழகத்தின் பழைய அழகுணர்ச்சி இப்படியிருக்கவில்லை. சங்கப் புலவர்கள் தலைவியின் மாமை நிறத்தை, மாந்தளிர் போன்ற மேனியை, அழகென்று கொண்டாடினர். அவள் வெளிறினால் அது பசலை. பிரிவினால் வந்த நோய். பிற்காலத்திலே நிலைமை மாறிப் ‘பெண் நல்ல சிவப்பு’ என்பது தரகர் வாயில் முதற்சிறப்பாயிற்று. ஆங்கிலப் பத்திரிகையின் மணமகள் தேவைப் பகுதியில் அதனை மொழிபெயர்க்க ‘ஃபேர்’ ஆயத்தமாய்க் காத்திருந்தது. ‘சிவப்பு’ என்று எழுதினால் நிறம் மட்டுமே தெரியும். ‘ஃபேர்’ என்று எழுதினால் அழகும் ஒழுங்கும் சேர்ந்து தொனிக்கும்.

இவ்வசதியை வாணிகம் விட்டுவைக்கவில்லை. இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1975இல் இந்தியாவில் ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்னும் முகப்பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அது தென்கிழக்காசியக் கடைகளுக்கும் பரவியது. 45 ஆண்டுகள் அப்பெயர் நிலைத்தது. 2020ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்னும் கறுப்பினத்தவர் காவலர் கையில் இறந்ததையடுத்து உலகெங்கும் எழுந்த கிளர்ச்சியின் அலை இங்கும் வந்து மோதிற்று. ஜூன் மாதம் இந்தியத் திருமண இணையத்தளமான ஷாதி.காம் மேனி நிறத்தால் வரன் தேடும் வசதியை நீக்கியது. அதே மாதத்தில் முகப்பூச்சின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ நீக்கப்படும் என்று அறிவித்த நிறுவனம், ஜூலையில் அதற்குக் ‘க்ளோ அண்டு லவ்லி’ என்று புதுப்பெயரிட்டது. ‘க்ளோ’ என்பது ஒளிர்தல்.

ஆங்கிலப் பெயர் அழகையும் வெண்மையையும் ஒரே சொல்லில் மறைத்துவைத்திருந்த அந்நாள்களில், தமிழில் இத்தகைய பூச்சுகளை விளம்பரம் செய்தவர்களுக்கு அப்படி மறைக்க ஒரு சொல் அகப்படவில்லை. நிறத்தைக் குறிக்க ஒரு சொல்லும் அழகைக் குறிக்க ஒரு சொல்லும் தேவைப்பட்டன. இரண்டையும் ஒட்டவைத்துச் ‘சிவப்பழகு’ என்று எழுதினர்.